வாசகர் கேள்வி: மழைக்காட்டின் காவல் யார் கையில்?

கேள்வி: அமேசானில் மரம் வெட்டப்படுவதைச் செயற்கைக்கோள் சில நாட்களிலேயே காட்டிவிடுகிறது. அப்படியிருக்க, காட்டின் நிர்வாகத்தை அங்கே வாழும் பழங்குடிச் சமூகங்களிடம் ஒப்படைக்கச் சொல்வது ஏன்?

பதில்: காட்டுவது உண்மைதான், யாருக்குக் காட்டுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தலைநகரத்துக் கணினித் திரையில் தெரியும் தகவல், இணையம் எட்டாத காட்டூருக்குப் போய்ச் சேருவதில்லை. பெரு நாட்டின் லொரேட்டோ பகுதியில் 76 ஊர்களை எடுத்துக்கொண்டு நடந்த ஆய்வொன்று 2021இல் வெளியானது. அவற்றில் ஏறக்குறைய பாதி ஊர்களுக்கு மாதந்தோறும் படகில் ஆள் போய், செயற்கைக்கோள் தகவலைப் பென் டிரைவில் கொடுக்க, ஊரார் அதைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு, காடு அழிந்ததாகக் காட்டிய இடத்துக்கே ரோந்து சென்று பார்த்து, கண்டதை ஊர்க்கூட்டத்தில் வைத்தார்கள். மற்ற ஊர்களோடு ஒப்பிட்டபோது, முதலாண்டில் காடழிவு 52 விழுக்காடு குறைந்திருந்தது. அடுத்த ஆண்டு அந்தப் பலன் 21 விழுக்காடாகச் சுருங்கியது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கருவியைக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வோருக்கு இந்த இரண்டாவது எண்தான் முக்கியம் என்பது என் எண்ணம்.

கேள்வி: ஊர்த் தலைவர் ஒருவரைப் பணத்தால் வளைத்துவிட்டால் எல்லாம் முடிந்ததல்லவா?

பதில்: முடிந்துபோன ஊர்களும் உண்டு, தலைவரைத் தனியே அழைத்துக் கையெழுத்து வாங்குவது பழைய தந்திரம். அதனால்தான் ஒப்புதல் தரும் அதிகாரம் ஒருவரிடம் இல்லாமல் ஊர்க்கூட்டத்திடம் இருப்பதையும், அது எழுத்தில் இருப்பதையும் வலியுறுத்த வேண்டியிருக்கிறது. ஈக்வடாரின் சினாங்கோயே ஊரில் வாழும் கோஃபான் மக்கள், வெளியார் தங்கள் நிலத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதைத் தங்கள் சட்டமாகவே எழுதிக்கொண்டு, அதை நடைமுறைப்படுத்தக் காவல் குழுவும் அமைத்தார்கள். அகுவாரிகோ ஆற்றோரம் தங்கத்துக்காகப் பொக்லைன்கள் கரையைப் புரட்டிப் போடுவதை அக்குழு ட்ரோனில் படம்பிடித்தது. அந்தப் படங்களோடு அவர்கள் தொடுத்த வழக்கில், தங்களைக் கலந்து பேசாமலே வழங்கப்பட்டவையும் பரிசீலனையில் இருந்தவையுமாக 52 சுரங்க உரிமங்கள் 2018இல் ரத்தாயின. 2022இல் அரசியலமைப்பு நீதிமன்றமும் அவர்கள் பக்கமே நின்றது.

தலைவர் விலைபோவதைவிட எனக்குப் பெரிய கவலை வேறொன்று. ஈக்வடாரில் நிலம் சமூகத்துக்கு உரியதாக இருந்தாலும், அதன் அடியிலுள்ள எண்ணெயும் தங்கமும் அரசுக்கே சொந்தம். யசுனி காட்டின் ஒரு பகுதியில் எண்ணெய் எடுப்பதை நிறுத்த வேண்டுமென்று 2023 ஆகஸ்டில் நாடு தழுவிய வாக்கெடுப்பில் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் சொன்னார்கள். பணியை நிறுத்திவிட்டு வெளியேற ஓராண்டு கெடு இருந்தது. அது முடிந்த 2024 ஆகஸ்டில்தான் கிணறுகளை மூடும் வேலையே தொடங்கியது.