மூன்று மாதக் குழந்தைக்கு என்ன பொம்மை வாங்கலாம்?

விலை உயர்ந்தது எதுவும் வேண்டாம், ஒரு நல்ல கிலுகிலுப்பை போதும். பிறந்த புதிதில் 20-30 செ.மீ. தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். வெளிர் நிறங்களைவிடக் கறுப்பு வெள்ளைக் கோடுகளைத்தான் உற்றுப் பார்க்கும். மூன்று மாதத்தில் நகரும் பொருளைக் கண் பின்தொடரும். கிலுகிலுப்பையை முகத்துக்கு ஒரு பக்கமாக மெதுவாக ஆட்டுங்கள், சத்தம் வந்த பக்கம் பார்வை போகும். அப்புறம் கையில் கொடுங்கள். காம்பு மெல்லியதாக இருந்தால் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளும். தான் ஆட்டுவதால்தான் சத்தம் வருகிறது என்பது குழந்தைக்குப் பிடிபட இன்னும் நாளாகும்.

எப்படியும் அது வாய்க்குத்தான் போகும். தடுக்காதீர்கள், சொரசொரப்பு, வழவழப்பை உதட்டாலும் நாக்காலும்தான் தெரிந்துகொள்கிறது. பெயின்ட் உரிகிறதா, உள்ளிருக்கும் மணி வெளியே வருமா என்று மட்டும் இழுத்துப் பார்த்து வாங்குங்கள். காதைக் கிழிக்கும் பேட்டரி பொம்மைகள் கடையிலேயே இருக்கட்டும்.