பைத்தான் நிரல்மொழியில் பட்டியலைச் சுற்றி வரும்போது ஓர் உறுப்பை மட்டும் நிபந்தனையோடு தாண்டிச் செல்வது எப்படி?

கேட்டதற்கு விடை 'கன்டின்யூ' (continue) என்ற ஒரே சொல்தான். உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கும் ஃபார் (for) சுழற்சிக்குள் நுழைந்ததும் இஃப் (if) போட்டுச் சோதித்து, நிபந்தனை பொருந்தினால் கன்டின்யூ என்று எழுதிவிட்டால், அந்தச் சுற்றின் மீதி வரிகளை விட்டுவிட்டுப் பைத்தான் அடுத்த உறுப்புக்குப் போய்விடும். ஆனால், வேண்டாத உறுப்பைச் சுழற்சிக்குள்ளேயே ரிமூவ் (remove) கொண்டு நீக்கிப் பார்த்துக் கணக்கு தப்பிய பிறகுதான் நீங்கள் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி வந்தவன்தான்.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் சிறு விவசாயிகளிடம் தேயிலைக் கொழுந்து எடை போட்டு வாங்கும் ஒருவருக்குச் சீட்டு அச்சிடும் நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். கொழுந்து வராத நாளுக்கு அவர் நோட்டில் 0 என்று எழுதுவார். பறித்த நாட்களின் சராசரி மட்டும் சீட்டில் வர வேண்டும் என்றார். 0 வந்தால் நீக்கு என்று எழுதினேன், சோதனையில் சரியாகவே வந்தது. மழை பிடித்து இரண்டு நாள் தொடர்ந்து பறிப்பு நின்றபோதுதான் சாயம் வெளுத்தது. 18, 0, 0, 22 என்று இருந்த ஒரு பாட்டியின் கணக்கில், 20 கிலோ வர வேண்டிய சராசரி 13.33 என்று அச்சாகியிருந்தது. "ரெண்டு நாளும் பதினெட்டுக்குக் குறையலையே தம்பி, பதிமூணு எங்கிருந்து வந்துச்சு?" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

ஃபார் சுழற்சி உறுப்புகளை நினைவில் வைப்பதில்லை, எத்தனையாவது இடத்தில் நிற்கிறோம் என்பதை மட்டுமே வைத்துக்கொள்கிறது. முதல் 0 நீங்கியதும் இரண்டாவது 0 அதே இடத்துக்கு நகர்ந்தது; சுழற்சியோ அடுத்த இடத்துக்குப் போய் 22-ஐப் பார்த்தது. அதனால் ஒரு 0 நீங்காமல் மிஞ்சி, 40 கிலோ மூன்று நாளால் வகுபட்டது. டிக்‌ஷனரியில் (பெயரும் அதற்குரிய மதிப்புமாகச் சேமிக்கும் அமைப்பு) இப்படிச் செய்தால் பைத்தான் பிழை காட்டி நிறுத்திவிடும், பட்டியலில் மட்டும் வாய் திறக்காது. இது எனக்கு இன்றும் மனத்தாங்கல்தான்.

லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷனில் (ஒரு பட்டியலிலிருந்து புதுப் பட்டியல் செய்யும் சுருக்க எழுத்து) ஒரே வரியில் முடியுமே என்று சொல்ல வருபவர்களுக்கு: அறிவேன், வடிகட்டிய புதுப் பட்டியல் மட்டும் போதுமென்றால் அதுவே நல்லது. எனக்கோ தாண்டும் நாளுக்கு நேராக 'பறிப்பு இல்லை' என்று அச்சிட்டுவிட்டுத் தாண்ட வேண்டியிருந்தது. கன்டின்யூவுக்கு முந்தைய வரியில் அதை எழுதினேன், மறுமுறை பாட்டியின் சீட்டில் 20 வந்தது.

நிபந்தனையை 'இஃப் நாட் எடை' (if not எடை) என்று சுருக்காமல், எடை 0-க்குச் சமமா என்றே கேளுங்கள். சுருக்கினால், எடை இன்னும் ஏற்றப்படாமல் 'நன்' (None, அதாவது மதிப்பு எதுவும் இல்லை) என்று கிடக்கும் நாளும் சத்தமில்லாமல் தாண்டப்பட்டு, ஒருவருடைய கொழுந்து கணக்கிலேயே வராமல் போகும். ஒய்ல் (while) சுழற்சி என்றால், எத்தனையாவது உறுப்பு என்ற எண்ணை ஒன்று கூட்டும் வரி கன்டின்யூவுக்கு முன்னால் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் நிரல் அதே உறுப்பிலேயே நின்று சுற்றிக்கொண்டிருக்கும்.