கேட்ட வசதியெல்லாம் செய்து கொடுக்க வேண்டுமா?

கேள்வி: கணக்கு எழுதும் செயலி ஒன்றை நான்கு பேர் சேர்ந்து நடத்துகிறோம். வாடிக்கையாளர்கள் கேட்ட வசதிகள் 60 சேர்ந்துவிட்டன. அதிகம் பேர் கேட்டதை முதலில் செய்தோம், யாரும் தொடவில்லை. எங்கே பிசகியது?

பதில்: தலை எண்ணியதில். பட்டியலில் இருப்பது நோய் அல்ல, வாடிக்கையாளர் தானே யோசித்துச் சொன்ன மருந்து. 'எக்ஸெல்லில் இறக்க வேண்டும்' என்று 20 பேர் கேட்டிருக்கலாம். அதில் ஒருவர் ஆடிட்டருக்கு அனுப்பக் கேட்கிறார். இன்னொருவருக்கு உங்கள் அறிக்கையின் கூட்டுத்தொகை மேல் நம்பிக்கை இல்லை, தானே கூட்டிப் பார்க்க நினைக்கிறார். அவருக்கு நீங்கள் சரிசெய்ய வேண்டியது அறிக்கையை.

இரண்டு வாரம் கோடிங்கை நிறுத்திவிட்டு 6 முதல் 8 பேரிடம், ஆளுக்கு அரைமணி நேரம் பேசுங்கள். அதில் இரண்டு பேராவது செயலியை விட்டுப் போனவர்களாக இருக்கட்டும். ஒருவர் கேட்க, இன்னொருவர் சொன்ன சொல் மாறாமல் குறித்துக்கொள்ள வேண்டும். 'இப்படி ஒன்று வந்தால் பயன்படுத்துவீர்களா?' என்று கேட்காதீர்கள். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்பவர்கள் குறைவு. 'கடைசியாக எப்போது இதில் சிக்கினீர்கள்? அன்று என்ன செய்தீர்கள்?' என்று கேளுங்கள். முடிந்தால் திரையில் செய்து காட்டச் சொல்லுங்கள். தனியாக ஒரு நோட்டோ வாட்ஸ்அப் குழுவோ வைத்துச் சமாளிக்கிறார் என்றால் தேவை நிஜம். கடைசியாக எப்போது என்பதே பலருக்கும் நினைவில்லையா, அந்த வரியைப் பட்டியலின் அடியில் தள்ளுங்கள்.

கேள்வி: கோடிங் செய்யாமலேயே ஒரு வசதியைச் சோதிக்க முடியுமா?

பதில்: முடியும். அந்த வசதியின் பெயரில் வெறும் பொத்தான் வையுங்கள். அழுத்தினால் 'இன்னும் தயாராகவில்லை, வந்ததும் சொல்லவா?' என்று வரட்டும். (பணம் கட்டும் திரையில் இந்த வேலை வேண்டாம்.) ஒரு வாரம் போதும். அந்தத் திரைக்கு வந்தவர்களில் எத்தனை சதவீதம் அழுத்தினால் செய்வது என்பதை முன்பே எழுதி வைத்துவிடுங்கள். முடிவு கைக்கு வந்தபின் யோசித்தால் 3 சதவீதமும் பெரிதாகத்தான் தெரியும். மொத்தப் பயனர்களை வைத்து வகுப்பதும் தவறு. பலர் அந்தத் திரைப் பக்கமே வந்திருக்க மாட்டார்கள்.

அழுத்தியவர்களில் ஆர்வத்தில் அழுத்தியவர்களும் உண்டு. எனவே அவர்களில் 5 பேருக்கு அந்த வேலையை நீங்களே கையால் செய்து அனுப்புங்கள். அடுத்த மாதம் நினைவூட்டாமல் இருந்து பாருங்கள். தாமாகவே வந்து கேட்பவர்கள் எத்தனை பேர் என்பதை வைத்து முடிவு செய்யலாம்.