இரட்டை பெடல் பதிவு: கேள்வியும் பதிலும்

வியாசர்பாடி வாசகர்: அண்ணா, நிமிடத்துக்கு 200 தட்டு வேகத்தில், இரு காலாலும் கிக்கை (பாஸ் டிரம்மை) அடிக்கும் இரட்டை பெடல். கிக் மைக்கின் ஒலியை மட்டும் வெட்டி கிரிட்டில் (மென்பொருளின் சம இடைவெளி நேரக்கோடுகளில்) நிறுத்தினேன். அடிகள் இரண்டிரண்டாகக் கேட்கின்றன. ஏன்?

கிக் அடி கிக் மைக்கில் மட்டுமா விழுகிறது, தம்பி? தலைக்கு மேல் நிற்கும் மைக்கிலும் ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் சிறு டிரம்) மைக்கிலும் அதே அடி இருக்கிறது. ஒன்றை 20 மில்லி விநாடி நகர்த்திவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டால் ஓர் அடி இரண்டு இடத்தில் விழும். உங்கள் வேகத்தில், ஒரு தட்டுக்கு நான்கு அடி என்றால், அடிக்கும் அடிக்கும் இடைவெளியே 75 மில்லி விநாடிதான். எல்லா மைக்குகளையும் ஒரே குழுவாக்கி, ஒன்றாக வெட்டி, ஒன்றாக நகர்த்துங்கள்.

அடுத்த தொல்லை சிம்பல். விநாடிக்குப் பதின்மூன்று அடி. ஒவ்வொன்றிலும் கத்தி வைத்தால் கிராஷ் சிம்பலின் நீண்ட ஒலி வெண்டைக்காய் நறுக்கியதைப் போலாகிவிடும். நான் தாளத் தட்டின் தொடக்கத்திலும் ஸ்னேர் விழும் இடத்திலும் மட்டுமே வெட்டுவேன். அடி தொடங்க மயிரிழை இருக்கும்போது, 5 மில்லி விநாடி கிராஸ்ஃபேட் (வெட்டின் இரு பக்க ஒலியும் ஒன்றில் ஒன்று கரைவது) வைத்து. நடுவில் விலகி நிற்கும் அடிகள் பெரும்பாலும் இடது காலுடையவை. மிக மோசமானவற்றை மட்டும் பிடியுங்கள். தொடங்கும் முன் மூலப் பதிவைப் பிரதி எடுத்து வையுங்கள்.

பெரம்பூர் வாசகர்: எந்த மென்பொருள் நல்லது?

உங்களிடம் இருப்பது.

தண்டையார்பேட்டை வாசகர்: அடிகளைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி, அடியே இல்லாத இடத்திலும் குறி போடுகிறது.

வாசலில் கன்டெய்னர் லாரி போகிறதா? ராயபுரத்தில் என் மாடி அறைக்கும் அதே பாடுதான். துறைமுகத்துக்குப் போகும் லாரி திரும்பினால் தரை வழியாக மைக் ஸ்டாண்டில் ஏறிவிடும். ஸ்டாண்டின் காலடியில் தடித்த ரப்பர் போடுங்கள். கிக்கின் பிரதி ஒன்றில் கீழ் ஒலிகளை நீக்கிவிட்டு, பீட்டர் (பெடலின் சுத்தி) தோலில் படும் ‘டிக்’ ஒலியை மட்டும் வைத்துக் குறி போடச் சொல்லுங்கள். மூலத்தின் மேல் செய்யாதீர்கள். பிரதி!

கொருக்குப்பேட்டை வாசகர்: கிக்கை மட்டும் நகர்த்தினால் போதாதா?

முதல் பதில்.

காசிமேடு வாசகர்: கிரிட்டில் ஒட்டிய பிறகு அது வாசிப்பா? எங்கள் சட்டிமேளக்காரர்கள் கிளிக் (காதில் ஒலிக்கும் தாள எண்ணிக்கை) கேட்டதே இல்லை.

சட்டிமேளத்தை ஒருமுறை கிரிட்டில் வைத்துப் பார்த்தேன். நான்கு பேர் வாசித்தது ஒருவர் வாசித்ததைப் போலாகிவிட்டது. உடனே அழித்தேன். அங்கே வேகம் நடந்து வருகிறவர்களின் காலில் இருக்கிறது. கூட்டம் மெதுவானால் மேளமும் மெதுவாகும். மெட்டல் இசையில் கிட்டார் ஒவ்வொரு கிக்கோடும் சேர்ந்து விழ வேண்டும். இரண்டும் 15 மில்லி விநாடி பிசகினாலே சேறுதான்.

பெரம்பூர் வாசகர்: 1940களில் ஜாஸ் டிரம்மர் லூயி பெல்சன் இரண்டு பாஸ் டிரம் வைத்து வாசித்தபோது கிரிட் ஏது?

இல்லைதான். அவர் பின்னால் கிட்டார்கள் சுவர் போல நின்று அடிக்கு அடி வாசிக்கவும் இல்லை. அதனால்தான் நான் அடிகளைக் கிரிட்டுக்கு முழுக்க இழுப்பதில்லை. விலகலில் 80 சதவீதத்தைச் சரிசெய்து விட்டுவிடுவேன். மீதி அந்த டிரம்மருடையது.

காசிமேடு வாசகர்: 80 என்றாலும் ஏமாற்றுதான்.

சரி, ஏமாற்றுதான். உங்கள் குழுவின் பதிவுக்கு வாருங்கள், கை வைக்காமல் தருகிறேன்.

எண்ணூர் வாசகர்: கிக்கை மட்டும் நகர்த்திச் சேமித்துவிட்டேன். இரட்டையாகக் கேட்கிறது.

பிரதி இருக்கிறதா? இல்லையென்றால் டிரம்மரைத் திரும்பக் கூப்பிடுங்கள்.