பொங்கி வழியும் பாலும் பாதி தைத்த ரவிக்கையும்

கேள்வி: என் 9 வயது மகனுக்கு ஏடிஹெச்டி (கவனக்குறைவும் அளவுக்கு மீறிய துறுதுறுப்பும்) என்கிறார்கள். டாக்டர் சொன்ன அறிகுறிகளைக் கேட்டால் என் கதை மாதிரியே இருக்கிறது. அடுப்பில் பால் பொங்கி வழியாத நாளில்லை. பாதி தைத்த ரவிக்கைகள் மெஷின் பக்கத்தில் குவிந்து கிடக்கின்றன. 38 வயதில் இது புதிதாக வருமா?
– ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: புதிதாக வராது அம்மா. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு இது. 12 வயதுக்கு முன்பே அடையாளம் தெரிந்திருக்கும். பள்ளியில் எப்படி இருந்தீர்கள் என்று உங்கள் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். வகுப்பில் ஓடும் பையன் உடனே கண்ணில் படுவான். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும் பெண் பிள்ளையை ‘சாது’ என்று விட்டுவிடுவார்கள். குடும்பவழியில் அதிகம் வருவதால், பிள்ளையைக் காட்ட வந்து தன்னையே கண்டுகொண்ட பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் எல்லா மறதியும் இதுவல்ல. (ஸ்கூட்டர் சாவியை நானும்தான் தேடுகிறேன்.) தைராய்டு, தூக்கக்குறைவு, மனச்சோர்வும் இப்படிப் படுத்தும். புதுச்சேரி ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஒருமுறை காட்டுங்கள். அதுவரை மெஷின் மேல் ஒரே ஒரு ரவிக்கை, மீதியெல்லாம் பீரோவுக்குள். அப்புறம், பால் வைத்தால் போனைக் கூடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.