நீதிபதிக்கு அழகா?

கேள்வி: துப்பறியும் கதைகள் எழுதிய சிரில் ஹேர், இங்கிலாந்தில் நீதிபதியாக இருந்தவராமே? தம்முன் விசாரணைக்கு வந்த கொலை வழக்குகளைக் கதையாக்கிக் காசு பார்ப்பது ஒரு நீதிபதிக்கு அழகா?

பதில்: குற்றப்பத்திரிகையை வாசிக்கும் முன் தேதிகளைச் சரிபார்த்திருக்கலாம். ஆல்ஃபிரட் அலெக்சாண்டர் கார்டன் கிளார்க் என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1924-இல் வழக்கறிஞரானார், முதல் நாவல் 1937-இல் வெளிவந்தது, நீதிபதியானதோ 1950-இல்தான். எழுதிய ஒன்பது நாவல்களில் ஆறு அதற்கு முன்பே அச்சேறிவிட்டன. மீதி மூன்றின் மீதாவது உங்கள் குற்றச்சாட்டு நிற்குமா என்றால், அதற்கும் வழியில்லை. அவர் அமர்ந்தது சர்ரே வட்டாரத்துக் கவுண்டி நீதிமன்றத்தில். கடன் பாக்கி, வாடகைத் தகராறு போன்ற சிவில் வழக்குகளை விசாரிக்கும் அந்த இடத்தில் கொலை வழக்குக்கு வேலையே இல்லை. (புனைபெயர்கூட வழக்குக் கட்டிலிருந்து வரவில்லை, குடியிருந்த சிரில் மேன்ஷன்ஸ் கட்டடத்தின் பெயரையும் வழக்கறிஞராகத் தொழில் நடத்திய ஹேர் கோர்ட் வளாகத்தின் பெயரையும் ஒட்டவைத்துக்கொண்டார்.)

அவருக்குக் கைகொடுத்தது நீதிபதியின் ஆசனமன்று, அதன் பக்கத்தில் கழித்த நாட்கள். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில், ஊர் ஊராகச் சென்று வழக்கு விசாரிக்கும் நீதிபதி ஒருவரிடம் அவர் மார்ஷலாக, அதாவது கூடவே பயணம் செய்யும் உதவியாளராக இருந்தார். அந்த அனுபவத்தில் விளைந்ததே 1942-இல் வந்த 'டிராஜடி அட் லா' நாவல். போர்க்காலம் என்பதால், வழக்கப்படி தம் வருகைக்கு எக்காளம் ஊதி மரியாதை செய்ய ஆளில்லையே என்று தொடக்கத்திலேயே சிணுங்கும் அதன் நீதிபதி, ஓர் இரவு விருந்தில் மது அருந்திவிட்டு, காப்பீட்டைப் புதுப்பிக்க மறந்த காரைத் தாமே ஓட்டிச்சென்று ஒருவர் மீது மோதிவிடுகிறார். அடிபட்டவர் ஒரு விரலை இழக்கிறார்; அவரோ புகழ்பெற்ற பியானோ கலைஞர். நட்ட ஈடு எவ்வளவு ஆகும், பதவி தங்குமா என்ற பதைப்பிலேயே பெரும்பகுதி நகர, கொலை ஏறக்குறைய கடைசியில்தான் நிகழ்கிறது. அதற்குள் வாசகருக்கு யார் மீதெல்லாமோ சந்தேகம் வந்திருக்கும். முடிச்சு அவிழ்வதோ ஒரு சட்டநுட்பத்தில். அதைக் கண்டுபிடிப்பவர் தொழிலில் பெரிதாக முன்னேறாத பெட்டிகுரூ என்ற வழக்கறிஞர். எந்தச் சட்டம் என்று சொல்லி உங்கள் வாசிப்பைக் கெடுக்கமாட்டேன்.

நீதிபதியை இந்தக் கோலத்தில் காட்டிய மனிதரைத்தான் எட்டு ஆண்டுகள் கழித்து நீதிபதியாக அமர்த்தினார்கள்.