விடியுமுன் எழுந்து போகிறவருக்கு

கேள்வி:

வலிகாமம் வடக்கிலுள்ள எங்கள் ஊர் அம்மன் கோயிலில் ஆண்டுதோறும் வைகாசிப் பொங்கலன்று இரவு காத்தவராயன் கூத்து ஆடுவார்கள். நாங்கள் இப்போது கோண்டாவிலில் இருக்கிறோம். அம்மாவுக்கு 74 வயது. அவருக்காகவே குடும்பமாக வான் பிடித்துப் போகிறோம். அதே கதை, அதே பாட்டு, அதே ஆட்கள். ஒலிபெருக்கிச் சத்தத்தில் பிள்ளைகள் இருவருக்கும் தலையிடி வந்துவிடுகிறது. மறுநாள் பாடசாலை என்பதால் இரவு 11 மணிக்கு நாங்கள் புறப்பட்டுவிடுவோம். அம்மா இருந்து பார்த்துவிட்டு விடிய முதல் பஸ்ஸில் வந்துவிடுவார், அவருக்கு அது பழகிவிட்டது. வான் கூலியே 7,000 ரூபாய் ஆகிறது. லண்டனில் இருக்கும் சித்தப்பா கூத்தை நேரலையில் பார்க்கிறார். நாங்களும் அப்படியே வீட்டில் பெரிய திரையில் போட்டு அம்மாவுக்குக் காட்டலாமா? ஒவ்வோர் ஆண்டும் இப்படிப் போய் வருவதில் என்ன பயன்?

— ஒரு வாசகர், கோண்டாவில்

பதில்:

தம்பி, நீங்கள் கேட்டது கூத்தைப் பற்றி. நான் உங்கள் கடிதத்தில் ‘அவருக்கு அது பழகிவிட்டது’ என்ற இடத்தைத் தாண்ட முடியாமல் நிற்கிறேன். வான் கூலியைக் கணக்குப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள், பிள்ளைகளின் தலையிடியைக் கவலையோடு எழுதியிருக்கிறீர்கள். 74 வயதுத் தாய் இரவு முழுவதும் பாயில் இருந்துவிட்டு இருட்டுக் கலையும் நேரத்தில் தனியாகப் பஸ் ஏறி வருவதை மட்டும் போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விட்டீர்கள். யார் அவருக்கு அதைப் பழக்கினார்கள்? முதல் ஆண்டு நீங்கள் புறப்பட்டபோது, ‘நீங்கள் போங்கோ மோன, பிள்ளையளுக்கு நித்திரை வருது, நான் வந்திடுவன்’ என்று அவர் சொல்லியிருப்பார். யாழ்ப்பாணத்துத் தாய் வேறு என்ன சொல்லுவாள்? அந்தச் சொல்லை அனுமதியாக எடுத்துக்கொண்டு அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் வானில் ஏறிவிட்டீர்கள். சுருட்டிய பாயும் கையில் பிரசாதப் பையுமாகப் பஸ் தரிப்பிடத்தில் நிற்கிறவரிடம், ‘மகன் வரேல்லையோ?’ என்று ஊர்ச்சனம் கேட்காமலா இருந்திருக்கும்? ஒவ்வோர் ஆண்டும் உங்களை விட்டுக்கொடுக்காமல் ஏதாவது ஒரு காரணத்தை அவர் சொல்லியிருப்பார். அந்தக் காரணங்களை நீங்கள் ஒருநாளும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

இதே முறைப்பாட்டைப் பல குடும்பங்களிலிருந்து கேட்டிருக்கிறேன். தேர், திருவிழா, கூத்து என்று பெயர் மாறும். வயதானவரைக் கொண்டுபோய் இறக்கிவிடுவதையே கடமை செய்ததாக எண்ணுவது மட்டும் மாறாது. என்னைப் பொறுத்தவரை அது கடமை ஆகாது. தாயை ஓர் இடத்துக்கு அழைத்துச் சென்ற மகன் அவரைத் திரும்ப வீட்டுக்கு அழைத்து வரவும் வேண்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ‘அதே கதை, அதே ஆட்கள்’ என்று சொல்லும் தகுதி உங்களுக்கு இன்னும் வரவில்லை, ஏனென்றால் நீங்கள் காத்தவராயன் கூத்தை முழுமையாகப் பார்த்ததில்லை. 11 மணிக்கு எழுந்து போகிறவர் கதையின் தொடக்கத்தை மட்டும் பார்த்திருப்பார். நம்முடைய ஊர்களில் காத்தானாக ஓர் இரவு முழுவதும் ஒருவரே ஆடுவதில்லை; பாலகாத்தானாக ஒரு பையன் வருவான், கதை வளர வளர அடுத்தடுத்த காத்தான்கள் மாறி வருவார்கள், கடைசியாக வரும் பின்காத்தான் விடியற்புறத்தில் கழுமரம் ஏறுவார். அந்தப் பின்காத்தானின் முகத்தை நீங்கள் ஓர் ஆண்டும் கண்டதில்லை. உடுக்கும் கார்மோனியமும் நள்ளிரவுக்குப் பிறகு சூடு பிடிப்பதையும், அதுவரை மேடையிலிருந்தவர்கள் மட்டும் பாடிய பிற்பாட்டைப் பாயில் இருக்கும் ஆச்சிமாரும் மெல்லச் சேர்ந்து பாடத் தொடங்குவதையும் நீங்கள் கேட்டதில்லை. உங்கள் அம்மாவும் அவர்களோடு சேர்ந்து பாடுவாரா என்று உங்களால் சொல்ல முடியுமா?

இந்தக் கூத்து முழுவதிலும் ஓடுவது ஒரு தாய்க்கும் மகனுக்கும் இடையிலான வழக்கு என்பதையும் சொல்ல வேண்டும். ஆரியமாலையை மணக்கத்தான் வேண்டும் என்று காத்தான் பிடிவாதமாக நிற்கிறான். தாய் முத்துமாரி தடுக்கிறாள், அவன் கேட்பதாயில்லை. பாதியில் எழுந்தவருக்கு அது வெறும் வாக்குவாதமாகத் தெரியும். முடிவுவரை இருந்தவருக்கே கழுமரத்தின் முன்னால் அந்த வாக்குவாதத்தின் பாரம் விளங்கும். பெண்கள் அந்த நேரத்தில் வாய்விட்டு அழுவார்கள். கதை தெரியாததால் அழுகிறவர்கள் அல்ல அவர்கள். என்ன நடக்கப்போகிறது என்று குழந்தைப் பருவத்திலிருந்தே தெரிந்தவர்கள்.

தெரிந்த கதையை மறுபடியும் பார்ப்பது வீண் என்ற எண்ணம் நம்மிடம் முன்பு இருந்ததில்லை. 1989 இல் மறைந்த நடிகமணி வி. வி. வைரமுத்து மயான காண்டத்தில் அரிச்சந்திரனாக வருகிறார் என்றால், ஒவ்வொரு பாட்டையும் மனப்பாடமாக அறிந்த சனமே மறுபடியும் போய் நிலத்தில் இருந்தது. அதற்கு மேலாக, காத்தான் கூத்து நேர்த்தி. பிள்ளைக்குச் சுகம் வேண்டி அம்மனிடம் நேர்ந்தவர்கள் கூத்தாடுவிப்பார்கள், வேடம் கட்டுகிறவர்கள் பலர் விரதம் இருந்து கட்டுவார்கள். அதை ஒரு சினிமாவைப் போல எண்ணி 7,000 ரூபாய்க்கு என்ன கிடைத்தது என்று கேட்பது சரியல்ல.

உங்கள் அம்மாவின் கணக்கு வேறு. வலிகாமம் வடக்குச் சனம் 1990 இல் போரால் ஊரை விட்டு எழும்பியது. மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் நலன்புரி முகாம்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட காணிகள் 2009 இல் போர் முடிந்த பிறகு சிறிது சிறிதாகவே விடப்பட்டன, மயிலிட்டித் துறைமுகம் 2017 இல்தான் திரும்பக் கிடைத்தது. உங்கள் ஊர் எப்போது விடப்பட்டது என்று நீங்கள் எழுதவில்லை. எப்போது விடப்பட்டிருந்தாலும், அம்மன் வாசலை மிதிக்க முடியாமல் போன வைகாசிகள் உங்கள் தாயின் வாழ்வில் ஏராளம். அந்த ஊரவர்கள் இன்று கோண்டாவிலிலும் மானிப்பாயிலும் வவுனியாவிலும் சிதறி இருக்கிறார்கள், அவர் வயதுப் பெண்கள் ஆண்டில் ஒரே ஓர் இரவு ஒரே கொட்டகையின் கீழ் பாய் விரிக்கிறார்கள். பக்கத்துப் பாயில் சென்ற ஆண்டு இருந்தவர் இந்த ஆண்டு இருக்கிறாரா என்று அவர்கள் முதலில் பார்ப்பார்கள். பெரிய திரையில் கூத்தைக் காட்டலாம், பக்கத்துப் பாயை எப்படிக் காட்டுவீர்கள்?

லண்டன் சித்தப்பாவை நீங்களே உதாரணம் காட்டியிருக்கிறீர்கள். இங்கே விடிய 5 மணிக்குக் கழுமரம் ஏறும்போது அங்கே நள்ளிரவு கடந்து 12.30 மணி. மறுநாள் வேலைக்குப் போக வேண்டிய மனிதர் கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு விழித்திருக்கிறார், ஏனென்றால் அவரால் வர முடியாது. நீங்கள் அடுத்த பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில் இருக்கிறீர்கள்.

ஒலிபெருக்கியைப் பற்றி நீங்கள் சொல்வது நியாயம், அதில் நான் உங்கள் பக்கம். கொட்டகை நிறைந்த சனத்துக்குக் கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் குரல் எட்ட ஓர் அளவான சத்தம் போதும். காதைப் பிளக்கும் பெட்டிகளை நான்கு திசையிலும் கட்டுவதால் உடுக்கின் நாதமே கெட்டுப்போகிறது. கோயில் பரிபாலன சபைக்கு எழுதுங்கள், அதுவரை பெட்டிகளுக்கு நேரே இராமல் ஓரமாகப் பாயைப் போடுங்கள். பிள்ளைகள் இரவு முழுவதும் விழித்திருக்க வேண்டியதில்லை. கூத்துப் பார்க்கப் போன எந்தத் தலைமுறைப் பிள்ளையும் விழித்திருந்ததில்லை. கச்சான் தின்று முடிந்ததும் அப்பம்மாவின் மடியில் நித்திரை கொள்ளட்டும், கழுமரம் நடும்போது எழுப்பிவிடுங்கள்.

வான் வேண்டாம். பொங்கலன்று பின்னேரம் அம்மாவோடு நீங்கள் நால்வரும் பஸ்ஸில் போங்கள், விடிய அதே முதல் பஸ்ஸில் அவரோடு திரும்புங்கள், பாயை நீங்கள் தூக்குங்கள். அந்த 7,000 ரூபாயில் ஒரு பகுதியைக் கூத்துக்காரரின் தேநீர்ச் செலவுக்கு அம்மாவின் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். இவ்வளவும் செய்ய முடியாத ஆண்டு வந்தால், அதை அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லி, அவரைத் திரும்பக் கூட்டிவர ஒருவரை ஒழுங்குபடுத்திய பிறகே நீங்கள் வீட்டில் இருக்கலாம். பிள்ளைகளுக்கு மறுநாள் ஒரு நாள் லீவு போவதால் படிப்புக் கெட்டுவிடாது. வகுப்பாசிரியருக்குக் கடிதம் எழுதும்போது காய்ச்சல் என்று பொய் எழுதாமல், ஊரில் கூத்து, அப்பம்மாவோடு போகிறார்கள் என்றே எழுதிக் கையொப்பமிடுங்கள்.